பழைய கேசட் டிவி கேம் சாம்பல் திரை காட்டினால் எங்கே பார்ப்பது?

காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. ஓட்டு வீட்டின் பரணில் பல ஆண்டுகள் கிடந்த, கேசட் போட்டு ஆடும் டிவி கேம் ஒன்றை இறக்கியிருக்கிறீர்கள். அடாப்டரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் திரை பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறமாக நிற்கிறது. கேசட்டை எடுத்து ஊதிப் போட்டால் எப்போதாவது விளையாட்டு வருகிறது; அப்போதும் இசை ஒழுங்காகக் கேட்க, எழுத்துகளும் உருவங்களும் மட்டும் குழம்பிப் போகின்றன. ஒரு ஜாய்ஸ்டிக்கில் வலப்பக்கப் பொத்தான் வேலை செய்யவில்லை. கடையில் காட்டியதற்கு, ஐசி (உள்ளே உள்ள சிப்) போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். துடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது கருவி செத்துவிட்டதா, வெறும் அழுக்கால் நிற்கிறதா என்பதுதான். எப்போதாவது ஒருமுறையாவது விளையாட்டு வந்து இசையும் கேட்கிறது என்றால், ஐசி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டுமே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தர்மபுரியில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் எங்கள் மேசைக்கு டிவியைவிட இந்தப் பெட்டிகள் அதிகமாக வந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிண்டெண்டோ நிறுவனம் செய்தவை அல்ல. அந்நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கருவியைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள்தான் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. உங்களுடையதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று, கேசட்டின் அளவைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துக் கணிக்கிறேன். கேசட்டின் அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு 30 வீதம் 60 இருந்தால் என் கணிப்பு சரி. 72 இருந்தால் அது 1985இல் அமெரிக்காவில் வந்த கருவியின் வகை, அதன் வியாதிகள் வேறு.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அந்த 72 பட்டைக் கருவியைப் பற்றியது. அதில் கேசட்டை முன்பக்கமாகச் செருகி, பிறகு கீழே அழுத்த வேண்டும்; அந்த அமைப்பில் உள்ள ஸ்பிரிங் பின்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். கள்ளக் கேசட்டைத் தடுப்பதற்கான பூட்டுச் சிப் ஒன்றும் அதில் உண்டு. கேசட் சரியாகத் தொடாவிட்டால் அந்தச் சிப் கருவியை ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும், சிவப்பு விளக்கும் கூடவே விட்டு விட்டு எரியும். ஜப்பானியக் கருவியிலும் நம் ஊர் நகல்களிலும் பூட்டுச் சிப் கிடையாது. ஆகவே உங்கள் விளக்கு நிலையாக எரிவதை வைத்து, தொடர்பு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அமெரிக்கக் கருவியின் கனெக்டரைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வைத்தியத்தையும் செய்துவிடாதீர்கள். நம் கருவிகளில் கேசட் செருகும் ஸ்லாட், உள்ளே உள்ள சர்க்யூட் போர்டோடு ஈயத்தால் சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

இனி அந்த 60 பட்டைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கருவிக்குள் இரண்டு முக்கியமான சிப்புகளின் வேலை நடக்கிறது. ஒன்று விளையாட்டை நடத்தி இசையையும் உண்டாக்கும் பிராசசர்; மற்றது திரையில் படம் வரையும் சிப். பழைய நகல்களில் இவை இரண்டும் நாற்பது கால்கள் கொண்ட தனித்தனி ஐசிகளாக இருக்கும், யு.எம்.சி நிறுவனத்தின் யு.ஏ 6527, யு.ஏ 6538 என்ற எண்கள் அவற்றின் மேல் தென்படலாம். பிற்கால மலிவு நகல்களில் இரண்டையும் ஒரே துண்டாக்கி, போர்டின் மேல் கறுப்புப் பிசின் பொட்டாக ஊற்றி மூடியிருப்பார்கள். எப்படி இருந்தாலும் கேசட்டுக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு: விளையாட்டின் நிரல் இருக்கும் நினைவகம், உருவங்கள் இருக்கும் நினைவகம். முன்னது பிராசசரோடு பேசுகிறது, பின்னது படம் வரையும் சிப்போடு பேசுகிறது. இரண்டுக்கும் வழிகள் தனித்தனி. ஏறக்குறைய பட்டைகளில் ஒரு பாதி நிரலுக்கும் மறு பாதி உருவங்களுக்கும் என்று பிரிந்திருக்கின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறிகளைப் படித்தால் கருவியே தன் நோயைச் சொல்லிவிடும். திரை முழுவதும் ஒரே நிறமாக நின்றால், பிராசசர் நிரலைப் படிக்கத் தொடங்கவே இல்லை அல்லது முதல் அடியிலேயே தவறான எழுத்தைப் படித்து நின்றுவிட்டது. இசை ஓடுகிறது, பொத்தானை அழுத்தினால் ஏதோ நகர்கிறது, ஆனால் உருவங்கள் சிதறியிருக்கின்றன என்றால், நிரல் பக்கத்துப் பாதி நன்றாகத் தொட்டு, உருவப் பக்கத்துப் பாதியில் ஒன்றோ இரண்டோ பட்டைகள் தொடவில்லை. ஒரே கருவியில், ஒரே கேசட்டில், ஒரு தடவை இப்படியும் மறு தடவை அப்படியும் வருகிறது என்றால், தொடுதலில்தான் கோளாறு. ஐசி போயிருந்தால் கேசட்டைச் செருகும் விதத்துக்கு ஏற்ப நோய் மாறுவது அபூர்வம். இன்னொரு நுட்பமான அறிகுறியும் உண்டு. அசல் ஜப்பானியக் கருவியில் ஒலி பிராசசரிலிருந்து நேரே வெளியே போவதில்லை. 45ஆவது பட்டை வழியாகக் கேசட்டுக்குள் போய், அங்கே ஒரு சின்ன இணைப்பால் திரும்பி, 46ஆவது பட்டை வழியாக வெளியே வருகிறது. கேசட்டே கூடுதல் இசையைக் கலந்துகொள்ள வசதியாக அப்படி வைத்தார்கள். அந்த இரண்டு பட்டைகளில் அழுக்கு இருந்தால் படம் பளிச்சென்று வரும், ஒலி மட்டும் இருக்காது. நகல்கள் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒலி இல்லையே என்று ஸ்பீக்கர் வயரைத் தேடுவதற்கு முன் கேசட்டைத் துடைத்துப் பாருங்கள்.

ஊதினால் வேலை செய்கிறதே என்பீர்கள். தலைமுறையே அப்படி நம்பித்தான் வளர்ந்தது. ஊதும்போது தூசி கொஞ்சம் பறக்கலாம். ஆனால் உண்மையில் வேலை செய்வது, கேசட்டை வெளியே எடுத்து மறுபடி செருகும்போது பட்டையும் பின்னும் ஒன்றையொன்று உரசிப் புதிய இடத்தில் தொடுவதுதான். ஊதாமல் எடுத்துச் செருகினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். மூச்சுக் காற்றில் ஈரம் இருக்கிறது. கூடவே எச்சில் துளியும் போகிறது. பட்டையின் தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் அந்த ஈரம் செம்பைப் பச்சைக் களிம்பாக்குகிறது. நிண்டெண்டோ நிறுவனமே தன் பயனர்களுக்கு ஊத வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

துடைக்கத் தொடங்குவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். அடாப்டர் கோளாறும் சாம்பல் திரையைத் தரும், அதைக் கவனிக்காமல் நாள் முழுக்கக் கேசட்டைத் துடைத்துப் பயனில்லை. கருவிக்குள், மின்சாரத்தை 5 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும், பெரும்பாலும் ஒரு அலுமினியத் தகட்டில் திருகியிருப்பார்கள். எழுத்து உங்களைப் பார்த்தபடி இருந்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே போகும் 5 வோல்ட். கருவி ஓடும்போது மல்டிமீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையை நடுக்காலிலும் சிவப்பு முனையை வலது காலிலும் தொட்டால் 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்ட வேண்டும். இடது காலில் 7 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும், அதற்குக் கீழே போனால் ரெகுலேட்டரால் 5 வோல்ட்டைப் பிடித்து வைக்க முடியாது. விளக்கு மட்டும் மூன்று வோல்ட்டிலேயே எரிந்துவிடும். அதனால்தான் விளக்கைச் சாட்சியாக ஏற்க வேண்டாம் என்கிறேன்.

கனமான, உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய அடாப்டர் என்றால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, 9 வோல்ட் என்று எழுதியிருக்கும் அந்த அடாப்டரைத் தனியாக அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும். அது பழுது அன்று, சுமை ஏறியதும் இறங்கிவிடும். இரண்டாவது, வீட்டு மின்சாரம் குறைந்தால் இதன் வெளியீடும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் பக்கத்தில் மாந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால், சுமையோடு 9 வோல்ட் தர வேண்டிய அடாப்டர் 7 வோல்ட்டைத்தான் தரும். ரெகுலேட்டரின் எல்லைக்கு மிக அருகில் அது. விளையாட்டு நடுவில் தானே மறுதொடக்கம் ஆவதும், திரையில் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலே ஏறுவதும் மாலையில் மட்டும் நடந்தால் கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடாப்டர் போய்விட்டது என்று தெரிந்தால், கையில் கிடைத்த வைஃபை ரௌட்டர் அடாப்டரைச் செருகாதீர்கள். அசல் ஜப்பானியக் கருவியில் பிளக்கின் நடுத்துளை மைனஸ், அடாப்டர் 10 வோல்ட். ரௌட்டர் அடாப்டர்களில் நடுத்துளை வழக்கமாக பிளஸ். நகல்களில் இரண்டு விதமும் உண்டு, பெட்டியின் அடியில் வட்டமும் கோடுமாக ஒரு படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். படம் அழிந்துபோயிருந்தால் உள்ளே திறந்து, ஜாக்கின் எந்தக் கால் ரெகுலேட்டரின் நடுக்காலோடு சேர்கிறது என்று, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் பஸ்ஸரில் வைத்துப் பார்க்கலாம். 12 வோல்ட் கொடுத்தால் ஓடும், ஆனால் ரெகுலேட்டர் வீணாகச் சூடாகும். கருவி 400 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் 1.6 வாட் வெப்பமாகப் போவது 12 வோல்ட்டில் 2.8 வாட் ஆகிறது. இந்தப் பெட்டிகளில் உள்ள சின்னத் தகட்டுக்கு அது அதிகம்.

பெட்டியைத் திறப்பதற்கு இந்த நகல்களில் சாதாரண நட்சத்திரத் திருப்புளியே போதும். திறந்ததும் எதையும் தொடாமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்த பெட்டிக்குள் தூசி மட்டும் இருக்காது. பல்லி முட்டை ஓடு, கரப்பான் எச்சம், எறும்பு கொண்டுவந்த மண், அடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருக்கும். ஊருக்குப் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இருந்தால் மெல்லிய வெண்பொடி ஒன்றும் படிந்திருக்கும். பொடியையும் மண்ணையும் காய்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளினால் போதும். கரப்பான் எச்சத்தையும் பல்லி எச்சத்தையும் அப்படி விடக் கூடாது. அவை ஈரத்தை இழுத்து வைத்துச் செம்புத் தடங்களை அரிக்கும், ஐசி கால்களுக்கு நடுவில் மின்சாரத்தையும் கசிய விடும். பஞ்சர் கடைக் காற்றை வைத்து அடிப்பதைத் தவிருங்கள். அந்த டேங்கிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே வரும். கம்ப்யூட்டர் கடை பிளோயர் என்றால் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். பெட்டியின் மேல், கீழ் பிளாஸ்டிக் மூடிகளை மட்டும் தனியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காய வையுங்கள். போர்டை மட்டும் நம் பகுதி போர்வெல் தண்ணீரில் காட்டவே வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு விடும் உப்பு அத்தனையும் ஐசி கால்களுக்கு அடியிலும் தங்கும். தண்ணீர் வேண்டியே இருந்தால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்.

இப்போது துடைக்கும் திரவம். சரியான பொருள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பழுதுபார்ப்பவர்கள் ஐ.பி.ஏ என்பார்கள், செல்போன் சர்வீஸ் கடைகளிலும் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். 99 சதவீதம் என்று எழுதியது நல்லது. 70 சதவீதம் என்றால் மீதி தண்ணீர், வேலை நடக்கும், காய நேரம் எடுக்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் அது போன பிறகும் எண்ணெய்ப் படலம் தங்கி அடுத்த தூசியைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் தீப்பிடிக்கும் அபாயத்தோடு சில வகைப் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டையே இளக்கிவிடும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் சானிடைசரும் வேண்டாம், அதில் கையைக் காக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். மருந்துக் கடை ஸ்பிரிட் கைவசம் இருந்தால், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஆற விடுங்கள். காய்ந்த இடத்தில் வட்டமோ மினுக்கமோ தெரியாவிட்டால் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம்.

கேசட்டைத் துடைக்கும் முறையில் பொறுமையே பாதி வேலை. பஞ்சுக் குச்சியை ஐ.பி.ஏ தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பட்டைகளின் நீளவாக்கில், உள்ளிருந்து விளிம்பு நோக்கி இழுக்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் ஒரு பட்டையின் அழுக்கு இரண்டு பட்டைகளுக்கு நடுவே போய் ஒட்டும். முதல் குச்சி தார் தொட்டதுபோல் கறுத்து வருவதைப் பார்ப்பீர்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே குச்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அழுக்கை இடம் மாற்றுவதாகத்தான் முடியும். இரண்டு பக்கமும் குச்சி வெள்ளையாகவே வரும்வரை செய்யுங்கள். அப்படியும் போகாத கறுப்பு இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால், அழுத்தாமல், அதே திசையில் சில இழுப்புகள். பிறகு ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டு மறுபடி ஐ.பி.ஏ. மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர், உப்புத்தாள், பாத்திரம் துலக்கும் பொடி, பித்தளை விளக்கும் பாலிஷ் ஆகியவை பளபளப்பைத் தரும் என்பதால் பலர் அவற்றையே நம்புகிறார்கள். அந்தப் பளபளப்பு தங்கம் போய் அடியில் உள்ள உலோகம் வெளியே தெரிவதால் வருவது. சில மாதத்தில் முன்னைவிடக் கறுக்கும். மலிவு நகல் கேசட்டுகளில் தங்கப் பூச்சு ஏற்கெனவே மிக மெல்லியது.

பச்சைக் களிம்பு பிடித்த பட்டை இருந்தால், வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியின் நுனியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்து, களிம்பு இளகியதும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, கடைசியில் ஐ.பி.ஏயால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பட்டை முழுக்க அரித்துப் போயிருந்தால் அதன் மேல் ஈயம் பூசும் வழக்கம் சில கடைகளில் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஈயம் பட்டையைத் தடிப்பாக்கி, ஸ்லாட்டின் பின்களை விரித்துவிடும், அதன்பின் மற்ற நல்ல கேசட்டுகளும் தொடாமல் போகும்.

கேசட் சுத்தமாகிவிட்டது என்றால் பாதிதான் முடிந்தது. ஸ்லாட்டிலும் அதே அழுக்கு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கேசட் அகலத்துக்கு வெட்டி, அதன் மேல் மெல்லிய பழைய வேட்டித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி, ஐ.பி.ஏயில் லேசாக நனைத்து, நேராக உள்ளே விட்டு நேராக வெளியே இழுங்கள். சுற்றிய பிறகு அதன் தடிப்பு கேசட் போர்டின் தடிப்பைத் தாண்டக் கூடாது. துணியில் நூல் பிரிகிறதா என்று பாருங்கள், பின்னில் சிக்கிய ஒரு நூல் இழை புதிய நோயாகிவிடும். பிறகு டார்ச் அடித்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு பின்னையும் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே அமுங்கியிருந்தால் குண்டூசியால் மயிரிழை அளவு முன்னே இழுக்கலாம். இதை மின்சாரம் துண்டித்த நிலையில், கை நடுங்காதவர் செய்ய வேண்டும். பின் ஒடிந்தால் ஸ்லாட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும். ஐ.பி.ஏ முழுக்க ஆவியாகும்வரை, அரை மணி நேரமாவது, மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகும் ஒரு கேசட் ஓடி மற்றொன்று ஓடாவிட்டால் குறை கேசட்டில். எந்தக் கேசட்டும் ஓடாவிட்டால் குறை பெட்டியில். ஆகவே குறைந்தது இரண்டு கேசட்டுகளையாவது முழுதாகத் துடைத்த பிறகே பெட்டியைக் குற்றம் சொல்லுங்கள். தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட நினைவகச் சிப் காலத்தால் தன் எழுத்தை இழப்பதில்லை. கண்ணாடிச் சன்னல் வைத்த, பின்னர் எழுதப்பட்ட சிப்புகள் இழக்கலாம். ‘9999 இன் 1’ என்று போட்ட கேசட்டில் எண்ணினால் சில பத்து விளையாட்டுகள்தான் இருக்கின்றனவே என்று யாராவது முறையிட்டால், அது அன்றைக்கே அப்படித்தான் இருந்தது.

பெட்டியில்தான் குறை என்றால் போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கேசட் ஸ்லாட், அடாப்டர் ஜாக், சுவிட்ச், ஜாய்ஸ்டிக் ஜாக் ஆகிய நான்கும் கை பலம் படும் இடங்கள். அங்கே பின்னைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்டக் கீறல் தெரிந்தால், புதிய ஈயம் சிறிது வைத்து மறுபடி சால்டர் செய்தாலே பல பெட்டிகள் எழுந்துகொள்ளும். கேசட்டைச் செருகியபடி லேசாக முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் இந்தக் கீறலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை இன்று பரவலாக உள்ளது. மேல்பகுதி உப்பியது, அடியில் கசிந்தது, அல்லது திரையில் மேலே ஏறும் பட்டைகளுக்குக் காரணமானது என்றால் மாற்றத்தான் வேண்டும். ரெகுலேட்டருக்கு முன்னால் உள்ள பெரிய கண்டென்சர்தான் முதல் சந்தேகம். நன்றாக இருப்பதையும் சேர்த்துப் பிடுங்கினால், இந்த மலிவுப் போர்டுகளில் செம்புத் தடமே கையோடு வந்துவிடும்.

டிவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்களிடம் இருப்பது எல்இடி டிவி என்கிறீர்கள். ஆன்டெனா வயர் வழியாகக் கொடுப்பதைவிட, மஞ்சள் பின் வைத்த ஏவி வயர் வழியாகக் கொடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கருவி பழுதென்று எண்ண வேண்டாம். நம் நாட்டு வண்ண முறையான பால் (PAL) முறைக்குப் பதிலாக அமெரிக்க, ஜப்பானிய முறையில் வண்ணம் அனுப்பும் நகல்கள் உண்டு. டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவில் வைத்துப் பாருங்கள். இந்தக் கருவிகள் அனுப்பும் படம் ஒளிபரப்பு முறையில் ஒற்றை, இரட்டை வரிகளாகப் பின்னியதும் அன்று, அதனால் சில புதிய டிவிகள் சிக்னலே இல்லை என்று காட்டிவிடும். சந்தேகம் தீர, பழைய குழாய் டிவி ஒன்றில் போட்டுப் பாருங்கள். அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி நம் ஊர்களில் இன்னும் சில வீடுகளில் மூலையில் இருக்கிறது, அதில் ஏவி துளை இருந்தால் இதைவிட நல்ல சோதனைக் கருவி வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்து வாத்து சுடும் விளையாட்டு எல்இடி டிவியில் ஓடாது. அந்தத் துப்பாக்கி, குழாய் டிவியின் திரை ஒளிரும் நொடியை எதிர்பார்த்து வேலை செய்வது.

ஜாய்ஸ்டிக்கின் வலப்பக்கப் பொத்தான்தான் இருப்பதில் எளிய வேலை. திறந்தால் ரப்பர் விரிப்பு ஒன்றும், ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு ஒன்றும் இருக்கும். போர்டில் அதற்கு நேரே உள்ள சீப்பு வடிவத் தடத்தை ஐ.பி.ஏ தொட்ட குச்சியால் மெல்லத் துடையுங்கள். அந்தத் தடமும் சில ஜாய்ஸ்டிக்குகளில் கார்பன் பூச்சுதான், அழுத்தினால் அதுவும் சேர்ந்து வரும். ரப்பர்ப் பொட்டை வெறும் காய்ந்த வெள்ளைத் தாளில் ஒருமுறை தேய்த்தால் போதும். ஒரு பொத்தான் மட்டும் போயிருப்பதால் வயர் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வயர் அறுந்தால் எல்லாப் பொத்தான்களும் சேர்ந்து போகும், ஏனென்றால் எல்லா அழுத்தங்களும் உள்ளே உள்ள ஒரு சின்னச் சிப்பில் சேர்ந்து ஒரே கம்பி வழியாக வரிசையாகப் போகின்றன.

மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் கூட்டை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கும் முறை ஒன்று உலவுகிறது. வெளுக்கிறது என்பது உண்மை. மறுபடி மஞ்சளாகிறது என்பதும், சில கூடுகள் நொறுங்கும் தன்மை பெறுகின்றன என்பதும் செய்து பார்த்தவர்கள் சொல்வது. ஆடுவதற்கு அது தேவையில்லை.

நேரில் பார்க்காமல் என்னால் முடிவாகச் சொல்ல இயலாத இடம் ஒன்று உண்டு. மின்சாரம் சரி, கேசட்டும் ஸ்லாட்டும் சுத்தம், சால்டரும் சரி, ஆனாலும் திரை சாம்பலாகவே நிற்கிறது என்றால், சிப்புகளுக்குத் தாளம் தரும் கிரிஸ்டல் துடிக்காமல் இருக்கலாம் அல்லது கடைக்காரர் சொன்னது போலச் சிப்பே போயிருக்கலாம். தனித்தனி ஐசி உள்ள போர்டு என்றால், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போர்டு கிடைத்தால் அதிலிருந்து மாற்றலாம். கறுப்புப் பொட்டு என்றால் அதைப் பழுதுபார்க்க வழியில்லை. அந்த நிலையிலும் துடைத்து வைத்த கேசட்டுகள் வேறொரு 60 பின் பெட்டியில் ஓடும், அவற்றைக் குப்பையில் சேர்க்காதீர்கள். இதையெல்லாம் செய்து பார்த்தும் வராவிட்டால், கருவி ஓடும்போது 7805இன் இடது காலிலும் வலது காலிலும் கிடைக்கும் வோல்ட், போர்டின் இரு பக்கப் படம், எந்தக் கேசட்டில் என்ன நிறத் திரை என்ற மூன்றையும் எழுதுங்கள். அடுத்து எங்கே தொட வேண்டும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியும்.